மிராசு முதல் விடுதலைப் பத்திரம் வரை: எங்க வீட்டு டிரங்குப் பெட்டி

நவரை அறுப்பு முடிஞ்சு கழனி காஞ்சு கிடக்கு. வைக்கோலையும் ஏத்தி அனுப்பியாச்சு. அதனால இந்தத் தடவை உழவைப் பத்தி இல்லாம, உழுற மண்ணோட காகிதத்தைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன்.

காரணம் எங்க அக்கா பையன். டிகிரி முடிச்சுட்டு அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில மூணு வருஷம் இருந்தான். அது சரிப்படல. இப்ப ரியல் எஸ்டேட்ல இறங்கப் போறானாம். "முன்ன மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு டீக்கடையில உட்கார்ந்தா புரோக்கர் ஆக முடியாது மாமா. 2016-ல வந்த ரெரா சட்டப்படி பதிவு பண்ணிக்கணும். அதுக்கு முன்னாடி பத்திரம் படிக்கக் கத்துக்கணும். உங்க பெட்டியைத் திறங்க"ன்னு வந்து நின்னான்.

பெட்டின்னா எங்க தாத்தாவோட டிரங்குப் பெட்டி. தாய்ப்பத்திரம், கிஸ்து ரசீது, பட்டா எல்லாம் அதுலதான் இருக்கு. ரெண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொண்ணா பிரிச்சோம். அவன் ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டான். எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன், தெரியாததைத் தேடிப் படிச்சேன். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் நிலம் வெச்சிருக்கிறவங்க, வாங்கப் போறவங்க, விக்கப் போறவங்க எல்லாருக்கும் உதவும்னுதான் இதை எழுதறேன். கடைசியில என் சொந்தக் கதை ஒண்ணும் இருக்கு.

காணியும் கிரவுண்டும்

பெட்டியில இருக்கறதுலயே பழசு 1926-ம் வருஷத்துக் கிரயப் பத்திரம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட முத்திரைத்தாள். செங்கல்பட்டு ஜில்லான்னு ஆரம்பிக்குது. திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997-லதான். அதுவரைக்கும் நாமெல்லாம் செங்கல்பட்டுக்காரங்கதான்.

அதுல நிலத்தோட அளவு காணி, குழின்னு இருக்கு. பையன் முழிச்சான். கணக்கு சுலபம்தான். நம்ம செங்கல்பட்டுச் சீமையில 24 அடிக் கோல் வெச்சு அளந்தாங்க. 24-க்கு 24, 576 சதுர அடி, அது ஒரு குழி. 100 குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி. இன்னிக்குக் கணக்குல சுமார் 1 ஏக்கர் 32 சென்ட். அந்தக் காணியை 24-ஆ வகுத்தா ஒரு மனை, 2,400 சதுர அடி. அதைத்தான் இன்னிக்கு எல்லாரும் கிரவுண்டுன்னு சொல்றோம். பூந்தமல்லி டிரங்க் ரோட்டுல பிளாட் போடற கம்பெனிக்காரர் சொல்ற "ஒரு கிரவுண்டு" நம்ம முப்பாட்டன் அளந்த மனைதான். அளவு மாறல, விலைதான் மாறிடுச்சு.

சென்ட் வெள்ளைக்காரன் சங்கிலியோட வந்தது. 66 அடிச் சங்கிலி, அதுல 100 லிங்க்ஸ். ஏக்கர்ல நூறுல ஒரு பங்கு சென்ட், 435.6 சதுர அடி. அதுக்கப்புறம் ஹெக்டேர், ஏர்ஸ் வந்தது. ஒரு ஏர்ஸ்னா 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். ஒரே கழனிக்கு நாலு தலைமுறையில மூணு கணக்கு. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தும்போதுதான் அரை சென்ட், ஒரு சென்ட் காணாமப் போகும். தம்பி, முதல் பாடம் இதுதான்: பத்திரத்துல இருக்கற அளவையும் பட்டாவுல இருக்கற அளவையும் நீயே மாத்திப் பார்த்து ஒத்துப் பாரு.

மிராசும் சுதந்திரமும்

அதே பத்திரத்துல, "மிராசு பாத்தியம்"னு ஒரு வார்த்தை. மிராசு அரபிச் சொல், வாரிசுரிமைன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல அதுக்குப் பேர் காணியாட்சி. ஒரு கிராமத்து நிலம் முழுசும் சில குடும்பங்களுக்குப் பங்கு பங்கா சொந்தம். சில ஊர்ல குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒரு தடவை கழனிகளைத் திரும்பவும் குலுக்கிப் பிரிச்சுக்குவாங்க, அதுக்குக் கரையீடுன்னு பேர். மத்தவங்க பயிர் வெச்சா பாயக்காரின்னு பேர். ஊர்லயே தங்கினவன் உள்குடி, வெளியூர்ல இருந்து வந்து உழுறவன் பரகுடி.

பாயக்காரி விளைச்சல்ல இருந்து மிராசுதாரருக்குக் கொடுக்கற பங்குக்கு ஒரு பேர் உண்டு. "சுதந்திரம்". ஆமாங்க, ஆகஸ்ட் 15-க்கு நாம கொண்டாடற அதே வார்த்தைதான். அந்தக் காலத்துல சுதந்திரம்னா களத்து மேட்டுல அளந்து எடுத்துக்கிட்டுப் போற நெல்லு. எங்க குடும்பம் அதைக் கொடுத்த குடும்பம், வாங்கின குடும்பம் இல்ல. 

இந்த மண்ணு கம்பெனி கைக்குப் போனது 1760-கள்ல. ஆற்காடு நவாப் முகம்மது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீரா கொடுத்தார். 1767-ல இருந்து 1774 வரைக்கும் தாமஸ் பர்னார்டுன்னு ஒரு இன்ஜினியர் ஊர் ஊரா சர்வே எடுத்தார். எந்த ஊர்ல எத்தனை வீடு, எத்தனை ஏரி, களத்துல யார் யாருக்கு எவ்வளவு பங்குன்னு அந்தக் கணக்குல இருக்கு. 

அப்புறம் 1794-ல லயனல் பிளேஸ் கலெக்டரா வந்தார். ஏரி, மதகு எல்லாம் செப்பனிட்டார், வரியையும் கறந்தார். பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்கள் அவர் கேட்ட தீர்வைக்கு ஒத்துக்கல. அவர் அவங்க பாத்தியத்தைப் பறிச்சு, ஒத்துக்கிட்டு உழ முன்வந்த ஆளுங்ககிட்ட கொடுத்தார். அவங்க மேலிடத்துக்கு மனு போட்டாங்க. நிலம் யாருதுன்னு கம்பெனியும் மிராசுதாரரும் மோதிக்கிட்டது நம்ம பூந்தமல்லியிலதான்.

1802-ல சீமையை முட்டா முட்டாவா பிரிச்சு ஜமீன் மாதிரி வித்துப் பார்த்தாங்க. ஓடல. மதராஸ் கலெக்டர் எல்லிஸ்கிட்ட மிராசு பாத்தியம்னா என்னன்னு அரசாங்கம் 17 கேள்வி கேட்டு, அவர் எழுதின பதில் 1818-ல புத்தகமாவே வந்தது. தெலுங்கும் தமிழும் ஒரே குடும்பத்து மொழின்னு முதல்ல எழுதிக் காட்டினவர் அதே எல்லிஸ்தான். அவ்வளவு படிச்சவருக்கே ஒரு வார்த்தையை விளக்க ஒரு புத்தகம் வேண்டி இருந்தது.

கடைசியில நிலைச்சது மன்றோ காட்டின ரயத்துவாரி. நடுவுல ஆள் இல்லாம உழுறவன் பேருக்கே பட்டா, அவனே நேரா சர்க்காருக்குத் தீர்வை கட்டணும். பாயக்காரியா இருந்த எங்க வீட்டுக்குப் பட்டா வந்தது அந்த வழியிலதான்னு தாத்தா சொல்வார். 1926 பத்திரம், பக்கத்துல இருந்த மிராசுக் கழனியை எங்க கொள்ளுத்தாத்தா விலை கொடுத்து வாங்கினது.

அந்தப் பத்திரத்துல எட்டுச் சொல் வரிசையா வருது: நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். இதுக்கு அஷ்டபோகம்னு பேர். பூமியில கிடைக்கற புதையல், புதைச்சு வெச்ச பொருள், தண்ணி, கல்லு, குறையாம வர்ற பலன், இனி வரப்போறது, ஏற்கெனவே ஆனது, இனி ஆக்கிக்கக் கூடியது. கோயில் கல்வெட்டுலயும் செப்பேட்டுலயும் இருந்த வரிசை அப்படியே முத்திரைத்தாளுக்கு வந்திருக்கு. வாங்கறவன் எதையெல்லாம் வாங்கறான்னு விவரமாச் சொல்ற பழக்கம் அது. இப்பப் போடற பத்திரத்துல "சகலவித பாத்தியங்களும்"னு ஒரே வரியில முடிச்சிடறாங்க.

புறம்போக்கும் பஞ்சமியும்

பட்டா யாருக்குன்னு எழுதும்போது, யாருக்கும் இல்லாததையும் எழுதணும் இல்லையா? அதுதான் புறம்போக்கு. ஏரி, வாய்க்கால், மேய்க்கால், வண்டிப்பாதை, களம், சுடுகாடு. தீர்வைக் கணக்குக்குப் புறத்தே போனதால புறம்போக்கு. யாருக்கும் இல்லைன்னா எல்லாருக்கும்னு அர்த்தம். இன்னிக்கு யார் வேணா வளைச்சுக்கலாம்னு அர்த்தம் பண்ணிட்டாங்க. 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கம் திறந்துவிட்டு அடையாறு புரண்டப்ப, வாய்க்காலும் ஓடையும் இருந்த இடத்துல வீடு கட்டினவங்களுக்கு அந்த வார்த்தையோட பழைய அர்த்தம் தெரிஞ்சிருக்கும்.

நத்தம்னா ஊர்க்குடியிருப்பு. அதுலயும் ஒரு கதை. நிலமில்லாத பண்ணையாட்கள் சேரியில குடியிருந்த மனை கூட மிராசுதாரருதுன்னுதான் பழைய வழக்கம். வேலைக்கு வரலன்னா குடிசையைக் காலி பண்ணச் சொல்லலாம். 1891-ல செங்கல்பட்டு கலெக்டரா இருந்த ட்ரெமென்ஹீர் இதைப் பத்தி ஒரு அறிக்கை எழுதினார். நிலமும் மனையும் இல்லாம இந்த ஜனங்க தலை நிமிர முடியாதுன்னு அதோட சாரம். 1892-ல அரசாணை வந்தது. அப்படிக் கொடுத்ததுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விக்கக் கூடாது, அப்புறமும் அதே வகுப்பு ஆட்களுக்குத்தான் கொடுக்கலாம்னு நிபந்தனை.

அந்த நிபந்தனை காகிதத்துலயே இருந்துடுச்சு. நிறைய நிலம் வேற கைக்குப் போயிடுச்சு. மாமல்லபுரம் பக்கம் கரணையில பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடினப்ப, 1994 அக்டோபர்ல செங்கல்பட்டுல நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ஜான் தாமஸ், ஏழுமலைன்னு ரெண்டு இளைஞர்கள் உயிர் போச்சு. நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு அரசாணையில எழுதின வார்த்தைக்காக.

மருமகன்கிட்ட நான் கண்டிப்பா சொன்னது இதுதான்: 'அ' பதிவேட்டைப் பார்க்காம எந்த நிலத்துக்கும் கைநீட்டி அட்வான்ஸ் வாங்காத. புறம்போக்கா, கோயில் நிலமா, அனாதீனமா, நிபந்தனை பட்டாவான்னு அதுல தெரியும். கமிஷன் ரெண்டு பர்சென்ட்தான். பாவம் முழுசா நம்மளுது.

கர்ணம் போனார், யு.டி.ஆர். வந்தது

பெட்டியில அடுத்தது கிஸ்து ரசீதுக் கட்டு. ஒவ்வொண்ணுலயும் பசலி வருஷம். அக்பர் காலத்து அறுவடைக் கணக்கு அது. ஜூலை 1-ல பிறக்கும். பசலியோட 590 கூட்டினா நம்ம வருஷம் வரும். தாலுகாவுல இன்னும் ஜமாபந்தி பசலிப்படிதான் நடக்குது.

யார் பேர்ல எவ்வளவு நிலம்னு சொல்றது சிட்டா. அந்த நிலத்துல இந்தப் பசலியில என்ன பயிர், யார் பயிர் பண்றாங்கன்னு சொல்றது அடங்கல். ரெண்டையும் எழுதினது கர்ணம். பரம்பரை உத்தியோகம். அவர் பேனாவுக்கு ஊரே பயப்படும். 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். ஆட்சியில அந்தப் பதவிகளை ஒழிச்சாங்க, அப்புறம் கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

அதே சமயத்துல, 1979-ல இருந்து 1987 வரைக்கும் யு.டி.ஆர். நடந்தது. நிலப் பதிவேட்டைப் புதுப்பிக்கற திட்டம். செத்துப்போன தாத்தா பேரை எடுத்துட்டு இப்ப அனுபவிக்கறவங்க பேரைப் போடணும், ஏக்கரை ஹெக்டேர் ஆக்கணும். நல்ல நோக்கம்தான். ஆனா எழுதறவர் எழுதும்போது யார் பக்கத்துல நின்னாங்களோ அவங்க பேரு ஏறிடுச்சு. எங்க 18 சென்ட் பக்கத்துக் கழனிக்காரர் பேர்ல போயிடுச்சு. அவர் நல்ல மனுஷன், தப்புதான்னு ஒத்துக்கிட்டார். அப்படியும் அதைத் திருத்த அப்பா ஒரு அலுவலகத்துக்கு ஏழு வருஷம் நடந்தார்.

அதனால ரெண்டாவது பாடம்: பட்டா வரிக்கான காகிதம். அது மட்டுமே உரிமை ஆகிடாதுன்னு கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லி இருக்கு. உரிமையைப் பத்திரத் தொடர்லதான் பார்க்கணும். வில்லங்கச் சான்றும் பதிவான நடவடிக்கையை மட்டும்தான் காட்டும். பதியாம வீட்டோட பிரிச்சுக்கிட்டது, கோர்ட்டுல நடக்கற பாகப்பிரிவினை வழக்கு, இதெல்லாம் அதுல வராமப் போகலாம். ஊருக்குப் போய் நாலு பேரைக் கேட்கணும்.

கையகம், வழிகாட்டி மதிப்பு, மனைப்பிரிவு

ஆவடியில 1961-ல டாங்கி ஃபேக்டரி, அம்பத்தூர்ல 1964-ல தொழிற்பேட்டை. எங்க பக்கத்து ஜனங்களுக்கு அப்பத்தான் "கையகப்படுத்துதல்"ங்கற வார்த்தை பழக்கமாச்சு. எல்லாம் 1894-ம் வருஷத்துச் சட்டப்படி. மனசுக்கு ஆறுதலா மேல 15 பர்சென்ட், 1984-ல அதை 30 ஆக்கினாங்க. 2013 சட்டத்துல 100 பர்சென்ட்.

இதுல ஒரு சூட்சுமம். இழப்பீட்டை நிர்ணயிக்கும்போது அக்கம்பக்கத்துல பதிவான பத்திரங்கள்ல என்ன விலைன்னு பார்ப்பாங்க. நாமதான் முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து பத்து லட்சத்துக்கு வித்ததை ரெண்டு லட்சம்னு எழுதறோமே! மொத்த ஊரும் அப்படி எழுதினா, ரோடு வரும்போது மொத்த ஊருக்கும் அந்த விலைதான். நம்ம பொய்யை அரசாங்கம் நம்பிடும்.

அடுத்தது மனைப்பிரிவு. 1990-களுக்கு அப்புறம் கழனியில கலர் கொடி நட்டு, கல்லு போட்டு "பஞ்சாயத்து அப்ரூவல்"னு வித்தாங்க. அந்த மாதிரி அப்ரூவல் கொடுக்கப் பஞ்சாயத்துத் தலைவருக்கு அதிகாரமே கிடையாது. சி.எம்.டி.ஏ. இல்லன்னா டி.டி.சி.பி.தான். 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதுன்னு தடை போட்டப்ப, சீட்டுக் கட்டி மனை வாங்கின எத்தனையோ கூலிக்காரங்க விக்கவும் முடியாம, கட்டவும் முடியாம நின்னாங்க. 2017-ல வரைமுறைத் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பதிவான மனைகளுக்கு. அன்னிக்கு அந்த ஜனங்களுக்கு வித்த ஆளுக்கு வார்த்தையோட அர்த்தம் தெரிஞ்சிருந்ததா, தெரிஞ்சே வித்தானா, ரெண்டுல எது மோசம்னு பையனைக் கேட்டேன். பதில் சொல்லல.

விடுதலை

பெட்டிக்கு அடியில ஒரு மஞ்சள் கவர். 1996. அதை நான் காட்ட நினைக்கல. அவனே எடுத்துப் பிரிச்சுட்டான். 

"மாமா, இது எங்க அம்மா கையெழுத்துதானே?"

விடுதலைப் பத்திரம். அப்பா இறந்து ரெண்டு வருஷம் கழிச்சு, பேங்க் லோனுக்காக எல்லாத்தையும் என் பேருக்கு மாத்தணும்னு பத்திரம் எழுதறவர் சொன்னார். அக்கா வந்தாங்க, காட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டாங்க. ஒரு பட்டுப்புடவை, பத்தாயிரம் ரூபாய். அன்னிக்கு மத்தியானம் வடை பாயசத்தோட சாப்பாடு. பத்திரத்தை யாரும் அவங்களுக்குப் படிச்சுக் காட்டல. நானும் காட்டல.

பையன் கணக்குப் போட்டான். மொத்தம் 3 ஏக்கர் 60 சென்ட். பூர்வீகம். அப்பாவுக்கும் எனக்கும் ஆளுக்குப் பாதி. அப்பாவோட 1 ஏக்கர் 80 சென்ட்டுல 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நான் மூணு பேருக்கும் சமம். அக்காவுக்கு 60 சென்ட். கிட்டத்தட்ட 11 கிரவுண்டு.

மகளுக்கும் மகனைப் போலவே பூர்வீகத்துல பிறப்பிலேயே பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-ல சட்டத் திருத்தம் வந்தது. ஆனா அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு இல்ல. அக்கா கல்யாணம் 1985. 2005-ல நாடு முழுக்க வந்த திருத்தத்துல கல்யாணத் தடை போச்சு. ஆனா 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடி முறைப்படி முடிஞ்சுபோனதை அது தொடாது. 

"சட்டப்படி எங்கம்மா எதுவும் கேட்க முடியாது மாமா. பத்திரம் சுத்தமா இருக்கு"ன்னான். குரல்ல கோபம் இல்ல. நல்ல புரோக்கர் மாதிரியே சொன்னான். அதுதான் எனக்குச் சுட்டது.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. களத்துல அள்ளிக்கிட்டுப் போன நெல்லுக்குச் சுதந்திரம்னு பேர் வெச்சாங்க. உரிமையை விட்டுக் கொடுத்ததுக்கு விடுதலைன்னு பேர் வெச்சிருக்காங்க. எங்க கொள்ளுத்தாத்தாவோட பாட்டன் சுதந்திரம் அளந்து கொடுத்தப்ப அவர்கிட்ட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அந்த வீட்டுல பிறந்த நானும் அக்காவைக் கேட்கல. 

பிள்ளைங்க படிப்புக்கும் கடனுக்கும்னு 2006-ல ஒரு பகுதியை வித்தேன். இப்ப மிச்சம் 1 ஏக்கர் 40 சென்ட். மறுநாள் வீட்டுல பேசினேன். ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்ல, அதை மறைக்கல. மூணாம் நாள் என் வீட்டுக்காரம்மாவே, "என் தம்பிங்ககிட்ட நானும்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், எனக்குத் தெரியாதா"ன்னு சொன்னாங்க. 

அக்காவுக்கு 60 சென்ட் தானசெட்டில்மென்ட் எழுதறதா முடிவு பண்ணியாச்சு. குடும்பத்துக்குள்ள எழுதினா முத்திரைத்தாள் செலவும் குறைவு, கூடப்பிறந்தவங்களுக்கும் அந்தச் சலுகை உண்டுன்னு பையனே பார்த்துச் சொன்னான். போன்ல விஷயத்தைச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அந்தக் கிணத்தோரமா எழுதுடா தம்பி. அப்பா வெச்ச வேப்பமரம் அங்கதானே இருக்கு"ன்னாங்க.

ஆவணியில பதிவு. புலப்படம் எடுத்து, சர்வேயரை வெச்சு உட்பிரிவு பண்ணக் கொடுத்திருக்கேன். இந்தத் தடவை கையெழுத்துக்கு முன்னாடி பத்திரத்தை முதல் வரியில இருந்து செக்குபந்தி வரைக்கும் அக்காவுக்குச் சத்தமா படிச்சுக் காட்டணும். படிக்கப் போறது அவங்க பையன். அவன் பார்க்கப் போற முதல் பத்திரம் அது.

உங்க வீட்டுப் பெட்டியையும் ஒரு தடவை திறந்து பாருங்க. அடுத்த பதிவுல பசுந்தாள் உரம் பத்திச் சொல்றேன்.